கண்ணாடிப் பெட்டிக்குள் மஹல்லா

செத்துப்போன ஊருக்கு உயிர் கொடுக்க வந்தவர், அந்த ஊரில் யாராவது உயிரோடு நடமாடினால் ஏன் திடுக்கிடுகிறார்?

இந்தக் கேள்வியோடு ஒரு மனித இனத்தைக் கவனித்து வருகிறேன். புத்துயிராளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பழைய ஆலை எங்கே இருக்கிறதோ அங்கே முளைப்பார். எகிப்தில் எங்கள் மஹல்லா நகரத்தில் பஞ்சாலைகளுக்குக் குறைவில்லை, இவர்களுக்கும்தான். இடிந்த சுவரைத் தடவிக் கண்கலங்குவார், "என்ன செங்கல்!" என்பார், புகைபோக்கியின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வார், கெய்ரோ முதலீட்டாளரிடம் அரசின் பெருந்தன்மையைப் புகழ்வார், அரசு அதிகாரியிடம் முதலீட்டாளரின் தேசபக்தியைப் புகழ்வார், இருவரையும் கைகுலுக்க வைத்துவிட்டு நடுவில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். கூட்டுத் திட்டம் இதுதான். அரசு நிலம் தரும். தனியார் படம் தருவார். பொறுமையை ஊர் தரவேண்டும்.

எங்களுக்கு வாய்த்தவர் என்ஜினியர் ஹாஸிம் தவீதார். மூடிக்கிடந்த நெசவுக் கூடத்தை உணவகமும் கடைகளுமாக மாற்றப் போகிறார். வரப்போகும் அழகை அட்டையில் மாதிரியாகச் செய்து, பொம்மை மனிதர்களை நிறுத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, கூடத்தின் வாசலில் வைத்தார். "கருத்து சொல்லுங்க, ஊர் உங்களோடது!"

அந்த வாசலில்தான் உம்மு ஸப்ரீனின் வண்டி நிற்கிறது. பக்கத்து ஆலை இன்னும் ஓடுகிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அவள் செப்புப் பானையைச் சுற்றி நின்று ஃபூல் பயறும் ரொட்டியும் தின்பார்கள். ஹாஸிமும்தான், டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு. அந்த வாசல் போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன், பாஷா?" எங்கள் ஊரில் பெரிய மனிதர் எல்லாரும் பாஷா, வயதான பெண் எல்லாரும் ஹாஜ்ஜா.

"இது ஆரம்பக் கட்டம், ஹாஜ்ஜா."

"என் வண்டி நிக்கிற எடத்துல ஏதோ தண்ணித் தொட்டி நிக்குதே?"

"அது நீரூற்று."

"சரி, இவங்க எல்லார் கையிலயும் ஏன் நாயி?"

பொம்மைகள் வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்தவை. எங்கள் ஊரில் நாய்க்குக் கயிறு கட்டி உலாவ அழைத்துப் போகிறவரை நான் பார்த்ததில்லை.

ஷிப்ட் முடிந்து வந்திருந்த தறிக்காரன் ஃபிக்ரி குனிந்து பார்த்தான். "கவலைப்படாத ஹாஜ்ஜா. அந்த வெள்ளை நாய் நம்ம ஆலை மேஸ்திரிதான். நமக்கு எடமில்ல, அவருக்காவது கெடைச்சிருக்கே!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஹாஸிமும் சிரித்தார். புத்துயிராளர் சிரித்தால், கருத்துக் கேட்பது முடிந்தது என்று பொருள்.

"தன்தா ஹைவேயில உங்களுக்கு அருமையான மாற்று இடம் பாத்து வெச்சிருக்கேன்."

"அங்க யாரு வருவா சாப்பிட? லாரியா?"

ஹாஸிம் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். உங்கள் தெருமுனையிலும் ஒரு வண்டி நிற்கிறது. அது இல்லாவிட்டால் தெரு எவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று நேற்றுகூட நினைத்தீர்கள், அதில் வாங்கியதை மென்றுகொண்டே. உங்களிடம் இல்லாதது கண்ணாடிப் பெட்டி மட்டும்தான்.

ஒப்பந்தக் கையெழுத்து நாளன்று மாகாண ஆளுநர் வந்தார், முதலீட்டாளர் வந்தார். படம் எடுப்பதற்காகப் பெட்டியின் கண்ணாடியைத் திறந்து வைத்தார்கள்.

"எல்லாம் முடிவானதுதானே?" என்றார் ஆளுநர்.

ஹாஸிம் குனிந்தார். நீரூற்றை இரண்டு விரலால் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப முடிவாயிடுச்சு, பாஷா."

கையெழுத்தாயிற்று. மறுநாள் காலை வண்டி அதே இடத்தில் நின்றது. ஹாஸிமும் வந்தார், டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு.

"அதை ஏன் பிடுங்கினீங்க?" என்று கேட்டான் ஃபிக்ரி.

அவர் மென்று விழுங்கினார். தட்டை நீட்டினார்.

"ஹாஜ்ஜா, இன்னும் கொஞ்சம் எலுமிச்சை பிழி."