காலியாக வர வேண்டிய ட்ரே

நோர்லண்ட், மின்னசோட்டா
திங்கட்கிழமை மதியம், வண்டிக்குள்ளிருந்து

மிகுந்த மரியாதைக்குரிய அர்லீன் அத்தைக்கு,

தங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அண்ணன் மகன் டிரெவர் எழுதுவது. நான் நலம். வீடும் நலம், கூரைமேல் பனி மட்டும் சற்று அதிகம். தாங்களும், தங்கள் புதிய முழங்காலும், வெர்னான் மாமாவும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நீச்சல் குளத்து நாற்காலிகள் அத்தனைக்கும் என் குரலைக் கேட்க வைக்கிறீர்கள். போன முறை எனக்குச் சளி என்றதும், முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வெங்காயத்தைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கச் சொன்னார். ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர் பவுல் கால்பந்து இறுதி ஆட்டத்தை டிவியில் பார்க்க ஊரே கூடும் டுவேன் வீட்டு கராஜுக்கு வருடா வருடம் நீங்கள் கொண்டுபோகும், சிப்ஸால் தோண்டித் தின்னும் டாகோ டிப்பை இந்த வருடம் நான் செய்துகொண்டு போக வேண்டும் என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் அது ஒரு சமையல் வேலை. நீங்கள் விடவில்லை. "நவம்பர்ல இங்க வந்தேன், ஒருத்தியும் போன் பண்ணல. பக்கத்து வீட்டு மார்லிஸே பண்ணல. என் ட்ரே காலியா திரும்பி வந்தா ஏப்ரல்ல ஊருக்கு வர்றேன். மிச்சம் வந்துச்சுன்னா வீட்டை வித்துட்டு இங்கேயே இருந்துடுறேன். இதை அங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நீ அதுல வாய் வைக்கவும் கூடாது, அது கள்ள ஓட்டு" என்றீர்கள். ஒரு வீட்டையும், அதன் கீழ்த்தளத்தில் இருப்பவனையும் சேர்த்து சவர் கிரீம் என்ற புளித்த பாலாடையின் தலையில் ஏற்றி வைத்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இது நியாயமா என்று கேட்டேன். "என் தட்டு காலியாகாத ஊர்ல எனக்கு என்னடா வேலை" என்று வைத்துவிட்டீர்கள்.

செய்முறை கேட்க மறுபடி கூப்பிட்டேன். நான் குளிர்பதன இயந்திரம் படித்தவன், எனக்கு அளவு வேண்டும். கிரீம் சீஸ் எவ்வளவு என்றால் "போதுமான அளவு" என்கிறீர்கள். சவர் கிரீம் எவ்வளவு என்றால் "கண்ணுக்குச் சரியா இருக்கணும்" என்கிறீர்கள். யார் கண்ணுக்கு? கிரீம் சீஸ் அறை வெப்பநிலைக்கு வர வேண்டும் என்றீர்கள்; என் அறை உங்கள் கீழ்த்தளம், அங்கே என் வெப்பநிலையே அறை வெப்பநிலைக்கு வருவதில்லை. கல்லு மாதிரி இருந்ததை மிக்சரில் போட்டேன், மிக்சர் நின்றுவிட்டது. பெயின்ட் கலக்கும் கம்பியை (புதியது, சோப்புப் போட்டுக் கழுவியது, கவலை வேண்டாம்) டிரில்லில் மாட்டி ஒரு சுற்று விட்டேன். கலந்தது. சமையலறை விதானத்திலும் கொஞ்சம் கலந்தது. டாகோ மசாலா பாக்கெட்டில் முழுவதும் போடு என்று அச்சடித்திருந்தது, போட்டேன். பாதி பாக்கெட்தான் போட வேண்டும், நம்மூர்க்காரர்கள் மிளகைப் பார்த்தாலே தண்ணீர் கேட்பார்கள் என்பதை நான் கொட்டி முடித்த பிறகு சொன்னீர்கள். நன்றி. அதற்குமேல் சல்சா, லெட்டூஸ், தக்காளி, துருவிய சீஸ், கறுப்பு ஆலிவ் என்று அடுக்கடுக்காகப் போட்டு முடித்தபோது, சும்மா சொல்லக்கூடாது, உங்கள் கண்ணாடி ட்ரேயின் பக்கவாட்டில் ஒவ்வொரு அடுக்கும் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மட்டம்.

குளிர வைக்க ஃப்ரிட்ஜில் இடமில்லை. நம்மூரில் பிப்ரவரியில் அதற்காக யார் கவலைப்பட்டார்கள், கதவைத் திறந்து வெளியே வைக்க வேண்டியதுதானே. அரை மணி நேரத்தில் கிளம்பப் போகிறேனே என்று வண்டியின் பின்னால் வைத்தேன். அந்த நேரம் பார்த்து மாட்டுப் பண்ணைக்காரர் கிளெனிடமிருந்து போன். "தம்பி, பால் தொட்டி குளிரமாட்டேங்குது, இன்னிக்குக் கறந்ததெல்லாம் போச்சுப்பா" என்று அழாத குறை. போனேன். குளிரூட்டியை ஓட வைக்கும் ரிலே எரிந்திருந்தது, மாற்றினேன், பால் பிழைத்தது. கிளென் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிர் விஷயத்துல உன்னை மாதிரி ஆள் கிடையாதுப்பா" என்றார். வெளியே வந்து பார்த்தால் டாகோ டிப் பாறை. லெட்டூஸைத் தட்டினால் டிங் என்கிறது. அடுத்தவன் பாலை அதன் டிகிரியில் நிறுத்திவிட்டு வந்தவன் சொந்த அத்தையின் மானத்தை உறைய வைத்திருந்தேன். முன்சீட்டுக்குக் கீழே வைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். சேர்வதற்குள் அடிப்பக்கம் கஞ்சி, மேல்பக்கம் இன்னும் பனி, நடுவில் சல்சா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

கராஜில் வழக்கமான கூட்டம். நம் அணி வழக்கம்போல் இறுதி ஆட்டம்வரை வரவே இல்லை. நீள மேஜையில் குட்டி சாசேஜ் வெந்துகொண்டிருந்த பானைக்கும் இறைச்சியில் சுருட்டிய வெள்ளரி ஊறுகாய்க்கும் நடுவில், உங்கள் ட்ரே எப்போதும் இருக்கும் இடம் காலியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் இல்லாததை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மார்லிஸ் ட்ரேயை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயா பண்ணே?"

"ஆமா."

"ஒழுகுதே."

"உருகிக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல சமநிலைக்கு வரும்."

டுவேன் முதல் சிப்ஸை விட்டுக் குத்தினார். சிப்ஸ் ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டி எடுத்து வாயில் போட்டார். நெற்றி வியர்த்தது. கராஜ் கதவைக் கொஞ்சம் தூக்கி விடச் சொன்னார். பிறகு மெதுவாக, "வித்தியாசமா இருக்கு" என்றார். நம்மூரில் சகிக்கவில்லை என்பதை அந்த வார்த்தையால்தான் மரியாதையாகச் சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்டரும் சாப்பிட்டுப் பார்த்து, "ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்றார். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் என்ன வியப்போ, வியர்த்துக்கொண்டே வந்தார்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார்கள், ஆட்டம் பாதிக்கு வருவதற்குள் ட்ரேயில் ஒரு மூலைதான் மிச்சம். உங்கள் ஏப்ரல் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கேதான் வந்தது வினை. கடைசித் துண்டை எடுக்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. டுவேன் அதில் பாதியை எடுத்தார். மிச்சத்தில் பாதியைப் பாஸ்டர் எடுத்தார். அதில் பாதியை டுவேனின் தம்பி எடுத்தார். இப்படியே போனால் கணக்குப்படி அது எந்தக் காலத்திலும் பூஜ்யத்தைத் தொடாது. பள்ளிக்கூடத்தில் படித்தது, நேரில் பார்ப்பது முதல் முறை. கடைசியில் தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம், மேலே ஒரு ஆலிவ். அதோடு எல்லாக் கையும் நின்றுவிட்டது.

"யாராவது முடிச்சுடுங்களேன்" என்றேன்.

"ஐயோ, எனக்குப் போதும்ப்பா. பாஸ்டர் எடுத்துக்கட்டும்" என்றார் டுவேன்.

"நான் எடுத்தாச்சே. மார்லிஸுக்குக் குடுங்க."

"எனக்கு எதுக்கு, சின்னப் பையன் நிக்கிறானே, அவன் தின்னட்டும்" என்று மார்லிஸ் என்னைக் காட்டினார்.

"நான் தின்னக் கூடாது."

"ஏன், டாக்டர் சொன்னாரா?" என்றார் டுவேன்.

"அத்தை சொன்னாங்க."

டுவேன் உடனே டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு ஆலிவுக்காக ஒரு வீடே விலை போகப் போகிறது, இது இந்த மனிதர்களுக்கு எங்கே தெரியும், தெரிவிக்கவும் கூடாது என்று உத்தரவு. ட்ரேயை அப்படியே விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

ஆக, முடிவை உள்ளபடி தெரிவிக்கிறேன். மிச்சம் இருந்தது. சிறியதுதான், ஆனால் சிறிய மிச்சமும் மிச்சமே. உங்கள் விதிப்படி நீங்கள் வீட்டை விற்கலாம். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆணிக்கடை மாடியில் ஓர் அறை பார்த்திருக்கிறேன், சாயங்காலம் முன்பணம் கொடுக்கப் போகிறேன். இனிமேல் இந்த ஜென்மத்தில் டாகோ டிப் செய்வதாக இல்லை, யாருக்காகவும், எந்த ஆட்டத்துக்காகவும்.

முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தவறாமல் செய்யவும். மாமாவைத் தொப்பி இல்லாமல் வெயிலில் விட வேண்டாம். நீச்சல் குளத்து அம்மாளுக்கு என் நன்றி, வெங்காயம் பலிக்கவில்லை. தங்கள் உடல்நலத்துக்கும் மன நிம்மதிக்கும் என்றும் வேண்டும்,

தங்கள் கீழ்ப்படிந்த,
டிரெவர்

பின்குறிப்பு: சாயங்காலம் ஆகிவிட்டது. ஆணிக்கடை மாடியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே இருக்கும் ஹீட்டரைப் பார்த்தால் என் தொழிலுக்கே அவமானம். உறையைத் திரும்பப் பிரித்ததற்குக் காரணம் அது இல்லை. ட்ரேயை மார்லிஸ் எடுத்துப் போயிருக்கிறார் என்று டுவேன் சொன்னதால், வாங்கி வரலாம் என்று மார்லிஸ் வீட்டுக்குப் போனேன். தர மாட்டேன் என்றுவிட்டார். தன் வீட்டு கராஜ் ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். மான் கறிக்கு மேலே உங்கள் ட்ரே, அலுமினியத் தாள் போர்த்தி, அந்த ஒற்றைச் சதுரத்தோடு இருக்கிறது.

"என்ன கண்றாவி டிப்புடா பண்ணி வச்சே. அவ ட்ரே வைக்கிற இடத்துல அது வந்து உக்காந்திருக்குதேன்னு எல்லாரும் மூக்கைச் சிந்திக்கிட்டே தின்னோம். அந்தக் கடைசித் துண்டு அவளுக்குன்னுதான் ஒருத்தரும் தொடல. வந்து தின்னுட்டு ட்ரேயை எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார்.

"பிறகு ஏன் ஒரு போன் பண்ணல?"

"போனவதானே போன் பண்ணணும், இருக்கிறவளா பண்ணுவா?"

ஆகையால் ட்ரே காலியாகவும் வரவில்லை, மிச்சத்தோடும் வரவில்லை, வரவே இல்லை. தீர்ப்பு ஏப்ரல்வரை ஒத்திவைக்கப்படுகிறது. உறைந்த சவர் கிரீம் அதற்குள் திரிந்து தண்ணீராகிவிடும், வாயில் வைக்க விளங்காது. இதைத் தொழில் முறையில் சொல்கிறேன். அந்த ஃப்ரீசர் கதவின் ரப்பர் கிழிந்திருந்தது. மாற்றிவிட்டு வந்தேன். ஏப்ரல்வரை தாங்கும், அதற்குமேல் நான் பொறுப்பில்லை.