ஒரு கரும்பு, நாலு டிபார்ட்மென்ட்

உலகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் கல்லூரியிலும் இல்லாத ஒரு பட்டப்படிப்பைத் தானே உட்கார்ந்து தயாரித்து, அதில் தானே சேர்ந்து, தனக்குத் தானே டைம்டேபிளும் போட்டுக்கொண்டு, அந்த வகுப்பின் முதல் மாணவனாகவும் கடைசி மாணவனாகவும் படித்து முடித்தவன் நான் அறிந்து ஒருவன்தான். அவனை ஹாஸ்டலில் 'கதம்பம்' என்று கூப்பிடுவோம். வார்டனும் அப்படித்தான் கூப்பிடுவார். கார்டில் அவனுடைய நிஜப் பெயரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லியாமே" என்று தபால்காரர் இரண்டு தடவை திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தேன். கடலூர் ஓ.டி.யில் ரயில் ஏறும்போது என் டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரே ஆடம்பரப் பொருள், சிங்கப்பூரிலிருந்து அத்தா அனுப்பிய பன்னிரண்டு கலர் பென்சில் டப்பாதான். மகன் படிக்கப்போகும் பொருளாதாரத்தில் கோடு நிறைய போடுவார்கள் என்று யாரோ அத்தாவிடம் சொல்லியிருந்தார்கள்.

ஹாஸ்டல் அறைக் கதவைத் தள்ளினேன். ஒருவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான் பெட்டியைத் திறந்ததும் தலையைத் தூக்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மச்சான், அதுல பச்ச இருக்கா?"

"யாருங்க நீங்க?"

"அது அப்பறம். பச்ச இருக்கா, இல்லியா?"

இருந்தது. அன்றைக்குப் போன டப்பா மூன்று வருஷம் என் கைக்கு ஒழுங்காகத் திரும்பவே இல்லை.

அந்தக் காலண்டர் தாள்தான் அவனுடைய பட்டப்படிப்பு. சிவப்புக் கட்டம் பொருளாதாரம். அதில்தான் அவனும் என்னைப் போல முறைப்படி சேர்ந்திருந்தான். பச்சை தாவரவியல், மஞ்சள் ரசாயனம், நீலம் தமிழ். இந்த மூன்றும் அவனுக்குக் கிடையாது. பி.ஏ. படிக்கிறவன் ரசாயன வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாத காலம் அது. அவன் விடவில்லை. ஆபீஸ் கிளார்க்கிடம் போய் நின்றான்.

"பி.ஏ.வுல கெமிஸ்ட்ரி எப்பிடிப்பா வரும்?" என்றார் அவர்.

"அது வர வேணாங்க சார். நானே அதுங்கிட்டப் போயிக்கிறேன்."

கிளார்க் இதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்து அனுப்பிவிட்டார். அவன் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஒரு சனிக்கிழமை அவன் என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். நெல்லிக்குப்பத்தில் ரயிலை விட்டு இறங்கினால், சாலை ஓரம் கண்ணுக்கு எட்டின மட்டும் கரும்பு வண்டி. சர்க்கரை ஆலைக்கு வந்த வண்டிகள் வரிசையில் நின்றன. மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவன் அப்பா தம் வண்டிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தவர், எங்களைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி. எம் பையன் அங்க என்னா படிக்கிறான்னு நீங்களாவது சொல்லுங்க. கேட்டா கரும்புங்கறான். அதுக்கு எதுக்குச் சிதம்பரம்? இங்கயே படிக்கலாமே!"

கதம்பம் வண்டியிலிருந்து ஒரு கழியை உருவி என் கையில் கொடுத்தான்.

"நேத்து வெட்டினது மச்சான். வெயில்ல நிக்க நிக்கக் காயுது. எட கொறையுது, சாறும் கெட்டுப்போவுது. ஏன் கெடுதுன்னு கேட்டா கெமிஸ்ட்ரி. எந்த மாசம் வெட்டினா சக்கர ஜாஸ்தின்னு கேட்டா பாட்டனி. வெல எப்பிடி வெக்கிறாங்கன்னா நம்ம எக்கனாமிக்ஸ். இத்தயெல்லாம் கலெக்டருக்கு மனுவா எழுதி, அவுரு மொத வரியிலயே நிமிந்து ஒக்காரணும்னா தமிழ். கரும்பு ஒண்ணுதான். டிபார்ட்மென்ட்டுதான் நாலு."

நான் அந்தக் கழியைக் கடித்து மென்றேன். இவன் பைத்தியமில்லையோ என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது.

காரணம் நியாயமாக இருந்தால் மட்டும் போதுமா? செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் சிவப்பும் மஞ்சளும் ஒரே கட்டத்தில் வந்து விழுந்தன. பாதி நேரம் பொருளாதாரம், பாதி நேரம் ரசாயனம் என்று முடிவு செய்தான். நடுவில் பிரேக் இல்லாத ஒரு சைக்கிள். ரசாயனக் கட்டடத்துச் சுவரில் அவன் கால் ஊன்றி நிறுத்திய இடம் காரை பெயர்ந்து, மூன்றாம் வருஷம் செங்கல் தெரிந்தது. தமிழ் ஐயா வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும், மற்ற வகுப்புகளில் 'பிரசன்ட் சார்'. இவன் ஓடுகிற ஓட்டத்தில் ரசாயனப் பேராசிரியரிடம் 'உள்ளேன் ஐயா' என்று முழங்குவான். தமிழ் ஐயா ஒருநாள் 'பிரசன்ட் சார்' கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

வகுப்பில் வைக்கும் பரீட்சைத் தாளிலும் கதம்பம்தான். வேர் எப்படித் தண்ணீர் உறிஞ்சுகிறது என்ற கேள்விக்கு, தேவை, அளிப்பு, பேரம் எல்லாம் போட்டு எழுதினான். தாவரவியல் பேராசிரியர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தப்பு எங்கே என்று சொல்லத் தெரியாமல் மார்க் போட்டாராம்.

உச்சகட்டம் ரசாயன லேபில் நடந்தது. ஊரிலிருந்து ஒரு கட்டுக் கரும்பைக் கொண்டுவந்து, பழசு ஒரு பீக்கர், புதுசு ஒரு பீக்கர் என்று சாறு பிழிந்து வரிசையாக வைத்துச் சோதனை செய்தான். மறுநாள் காலை அந்த வட்டாரத்து எறும்பு அத்தனையும் லேபில் ஆஜர். அட்டெண்டர் துடைப்பத்தோடு தாண்டவமாடினார். பேராசிரியர் வந்தார். நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம். அவர் மிச்சமிருந்த கழிகளைப் பார்த்தார், சுத்தமான டம்ளர் ஒன்றில் சாறு பிழியச் சொல்லி வாங்கிக் குடித்தார்.

"எலுமிச்சம்பழம் கொண்டாரலியா?" என்றார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வில்லங்கம் மூன்றாம் வருஷம் வந்தது. முக்கால்வாசி வகுப்புகளுக்காவது வந்திருந்தால்தான் பரீட்சை எழுத ஹால் டிக்கெட். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் ஓடி ஓடி, அவன் சேர்ந்திருந்த சிவப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. பொருளாதாரப் பேராசிரியர் சித்திரை வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாதவர். அவரை நாங்கள் கோட்டு சார் என்போம். வருகைப் பதிவேடு அவருக்கு வேதம்.

வகுப்பில் அவன் நம்பர் முப்பத்தேழு, நான் முப்பத்தெட்டு. நண்பன் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவன் குரல் மாற்றி 'பிரசன்ட் சார்' சொல்வது மாணவ உலகின் அடிப்படைத் தர்மம். ஒருநாள் நான் அந்தத் தர்மத்தைச் செய்தேன்.

"முப்பத்தேழு!"

"பிரசன்ட் சார்" என்றேன், கட்டைக் குரலில்.

கோட்டு சார் பேனாவை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி "முப்பத்தேழு!" என்றார். ஜன்னலுக்கு வெளியே கல்லூரித் தோட்டம். அங்கே தாவரவியல் மாணவர்களுக்கு நடுவில் ஓர் இலையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான் முப்பத்தேழு. அதோடு போயிருந்தாலும் சமாளித்திருப்பேன். தன் நம்பர் காதில் விழுந்ததும் அந்த மகராசன் திரும்பி, இலையை ஆட்டிக்கொண்டே கத்தினான்.

"சார்! நான் இங்க இருக்கேன் சார்!"

நான் வெளியே அனுப்பப்பட்டேன். சாயங்காலம் அறையில் அவன்தான் என்னைத் திட்டினான்.

"நான் இல்லாத எடத்துல நான் இருக்கேன்னு ஏன் சொன்ன? நான் எங்கியாவது சும்மா சுத்தினனா? நான் இருந்த எடத்துல இருந்தேன் மச்சான்!"

அந்த வாரமே நோட்டீஸ் போர்டில் பெயர் வந்தது. வருகை குறைந்தவர்கள் பட்டியலில் முதல் பெயர். யாருடையது என்று முதலில் எங்களுக்கே புரியவில்லை. நிஜப் பெயர் போட்டிருந்தார்கள். செய்தி எட்டி, ஊரிலிருந்து கார்டும் வந்தது. 'இந்த வருஷம் பரீட்சை எழுதவில்லையானால் வந்து கரும்பு வண்டி ஓட்டவும். எனக்கு முடியவில்லை' என்று யாரோ அவன் அப்பாவுக்காக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கதம்பம் அதைப் படித்துவிட்டுக் காலண்டர் தாளைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டினான். பென்சில்களை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கி என் கட்டில்மேல் வைத்தான்.

"இந்தா மச்சான். அத்தாகிட்ட நான் தேங்ஸ் சொன்னேன்னு எழுது."

அவன் வாயாடும்போது கஷ்டமாக இருந்ததைவிட, அவன் வாயை மூடியபோது எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை, அவனுக்காகச் சிபாரிசு கேட்டுத் தாவரவியல் பேராசிரியர் அறைக்கு ஓடினேன். பிஞ்சுக்கும் இலைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர், பதிவேட்டை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார். பென்சிலால் எழுதியிருந்தது, கதம்பத்தின் பெயர்.

எங்கள் கல்லூரியில் ஒரு பழக்கம். தாமதமாகச் சேரும் மாணவனை, ஆபீஸ் ஆர்டர் வரும்வரை, பதிவேட்டின் அடியில் பென்சிலால் எழுதிவைப்பார்கள். ஆர்டர் வந்ததும் மையால் எழுதுவார்கள்.

"இந்தப் பையனுக்கு ஆர்டர் இன்னும் வரலியேன்னு நானும் மூணு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அவர். "ஆபீசுல எப்பவுமே லேட்டுதான்."

ரசாயனத்திலும் பென்சில். தமிழ் ஐயாவிடமும் பென்சில். மூவரும் ஆர்டருக்குக் காத்துக்கொண்டு, மூன்று வருஷமாக அவனுக்கு ஒழுங்காக வருகை போட்டு வந்திருக்கிறார்கள்!

மூவரும் எங்களைக் கூட்டிக்கொண்டு கல்லூரி முதல்வரிடம் போனார்கள். அவர் மேசைமேல் நாலு பதிவேடுகள் வரிசையாக விரித்துவைக்கப்பட்டன. மூன்று பேராசிரியர்களும் ஒரு பக்கம், கோட்டு சார் ஒரு பக்கம், கதவோரம் கதம்பமும் நானும். முதல்வர் நிதானமாகப் பார்த்தார். விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்தக் காலேஜ்லயே ஜாஸ்தி கிளாசுக்குப் போனவன் இவன்தான். இவனுக்கா அட்டெண்டன்ஸ் பத்தல?"

"ரூல்படி என் கிளாஸ் மட்டும்தான் சார் கணக்கு" என்றார் கோட்டு சார். அவர் கண் மட்டும் கதம்பம் மேலேயே இருந்தது. "ஏம்ப்பா, என் பாடம் அவ்வளவு மோசமாவா இருந்துச்சு? பாதியில எழுந்து எழுந்து ஓடினியே."

கோபமாகக் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவர் வருத்தமாகக் கேட்டார். கதம்பம் அழுதுவிட்டான்.

"உங்க கிளாஸ்ல கேட்டத வெச்சித்தான் சார் மத்த எடத்துல கேள்வி கேட்டேன். வெலயப் பத்தி நீங்க சொல்லலன்னா எனக்கு அங்கல்லாம் கேக்கறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

கோட்டு சார் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். நாங்கள் அதுவரை பார்த்திராத காட்சி.

"ஸ்டடி ஹாலிடேஸ்ல தினம் காலைல ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெக்கிறேன் சார். கொறையிற நாளு முழுக்க வரணும். ஒரு நாள் விட்டாலும் ஹால் டிக்கெட் கெடையாது" என்றார். முதல்வர் தலையாட்டினார்.

அந்த ஸ்பெஷல் கிளாஸைப் பற்றி நான் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஒரு வாத்தியார், ஒரு மாணவன், துணைக்கு நான். கோட்டு சார் கரும்பு விலையை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அந்த வழியாகப் போன தாவரவியல் பேராசிரியர், "அதுக்கு முன்னாடி வெட்டற மாசத்தச் சொல்லுங்க சார்" என்று உள்ளே வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த நாள் அவரோடு ரசாயனமும் வந்தார். அப்புறம் தமிழ் ஐயா, மனுவில் 'பணிவான வேண்டுகோள்' எந்த இடத்தில் வர வேண்டும் என்று சண்டை போட வந்தார். நாலு பெரியவர்களும் ஒருவரையொருவர் மடக்கி மடக்கிப் பேச, கதம்பம் நடுவில் உட்கார்ந்து நாலு கலரிலும் எழுதிக்கொண்டே இருந்தான். பென்சில் டப்பாவை நானே திருப்பிக் கொடுத்திருந்தேன். காலண்டர் தாளில் அவன் கட்டிய கட்டங்கள் கடைசியில் ஓர் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

கடைசி நாள் கோட்டு சார் பதிவேட்டைத் திறந்து, "முப்பத்தேழு" என்றார். அவன் "பிரசன்ட் சார்" என்றான். அவர் மூடப் போனார். பின் பெஞ்சிலிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன.

"பிரசன்ட் சார்!"

ஒன்று மட்டும் கொஞ்சம் பிந்தி, "உள்ளேன் ஐயா" என்று திருத்திக்கொண்டது.

கதம்பம் பரீட்சை எழுதினான், தேறினான். முதல் வகுப்பெல்லாம் இல்லை. ஊருக்கே போய்விட்டான். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடுகிறவர்கள் என்ன சந்தேகம் வந்தாலும் இன்றும் அவனைத்தான் தேடிப் போகிறார்கள். ஒரு கேள்வி கேட்டால் நாலு பதில் சொல்கிறான் என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். மறுநாள் மறுபடி அவனிடமே போகிறார்கள்.

எனக்கு அப்புறம் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலோ பாங்கிலோ வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது "முப்பத்தேழு" என்று கூப்பிட்டால், கட்டைக் குரலில் "பிரசன்ட் சார்" என்று வாய் தானாகக் கிளம்பிவிடுகிறது. கேள்விப்பட்டால் திட்டுவான், தெரியும். திட்டட்டும். அவன் இல்லாத இடம் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.