டீசலும் இல்ல, தண்ணியும் இல்ல

அடி போடி, நான் ஏன் கதை கட்டறேன்? முத்திரை வெச்ச கோர்ட்டுக் காகிதமே இருக்கு. நம்ம வேன்காரன் பங்க்ல டீசல் போட்டுட்டு நாலு தெரு தாண்டல, வண்டி நின்னுபோச்சு. நோயாளிங்களை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போற வண்டி. அது ஓடினாத்தான் அவன் வீட்டுல அடுப்பு எரியும். அவன் மாமியார் வாய் மட்டும் எந்த எண்ணெயும் இல்லாம ஓடும், அதை விடு. மெக்கானிக் டேங்கைத் திறந்தா, பாதி தண்ணி. வேன்காரன் கேஸ் போட்டான். வண்டியும், டேங்குலேர்ந்து எடுத்த ஒரு கேன் டீசலும் சாட்சியாம், ரெண்டையும் கோர்ட்டுல பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க.

கேன் எரிபொருள் ஆய்வகத்துக்குப் போச்சு. பதினோரு மாசம் கழிச்சு அறிக்கை வந்துச்சு: "மேற்படி திரவத்தில் பாதி நீர்."

வேன்காரனுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. பங்க்காரர் வக்கீல் மெல்ல எழுந்தாரு.

"ஐயா, இவங்களுக்கு எரிபொருளைச் சோதிக்கத்தான் அதிகாரம். பாதி தண்ணின்னா அது எரிபொருளே இல்லையே. எப்படிச் சோதிச்சாங்க?"

ஆய்வக அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "விதிப்படி தப்புதாங்க. தெரியாம சோதிச்சிட்டோம்."

சரி, தண்ணி ஆய்வகத்துக்கு அனுப்புன்னாங்க. இன்னொரு எட்டு மாசம். "எண்ணெய் மிதப்பதால் இதனை நீர் எனக் கருத இயலாது."

"ஐயா, நீங்களே ஒருவாட்டி மோந்து பாருங்க," ன்னு வேன்காரன் கெஞ்சினான்.

"என் மூக்குக்கு அங்கீகாரச் சான்றிதழ் கிடையாதுப்பா," ன்னாரு நீதிபதி.

அப்புறம் தீர்ப்பு: "கேனில் இருப்பது டீசலும் அல்ல, நீரும் அல்ல என இரு துறைகளும் உறுதி செய்துள்ளமையால், கேனில் ஏதும் இல்லை. ஆகவே பங்க்காரர் எதையும் விற்கவில்லை. மனுதாரர் எரிபொருள் நிரப்பாமல் ஓட்டி வந்து தெருவை மறித்தார். வாகனம் பறிமுதல்."

மறுநாளே பங்க்ல பெரிய போர்டு: "நீதிமன்றம் குறை காணாத ஒரே டீசல்." அவ்வளவுதான், வரிசை தெருமுனை வரைக்கும். ஆய்வக ஜீப்பும் நின்னுச்சு, நீதிபதி காரும் நின்னுச்சு. வேன்காரன் இப்ப அந்த பங்க் பக்கத்துலயே நிக்கிறான். நின்னுபோற வண்டியைத் தள்ளிவிடற வேலை. மூச்சுவிட நேரமில்லையாம்.

யாரது வாசல்ல? மாப்பிள்ளையா? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? அட, நீங்களுமா அந்த வரிசையில நின்னீங்க? சரி சரி, அந்த வேன்காரனைக் கூப்பிட்டு, வண்டியைத் தள்ளி உள்ள கொண்டு வரச் சொல்லுங்க.