ஓ நெகட்டிவ் அண்ணனும் அவருடைய இடது முழங்காலும்

மதுரையில் பாதிப் பேர் ஓ நெகட்டிவ் அண்ணனுக்குச் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் இன்னும் எங்கேயும் விழுந்து அடிபடவில்லை, அவ்வளவுதான். இது நான் போட்ட கணக்கு இல்லை. அவர் போட்டது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லார் போனிலும் அவர் 'ஓ நெகட்டிவ்'தான். அவர் வீட்டம்மா போனிலும் அப்படித்தான் பதிந்திருக்கிறது என்பார்கள். சிம்மக்கல் மொத்தக் கடைகளில் மூட்டை ஏற்றித் திருமங்கலம் வரை கொண்டுபோய் இறக்கும் குட்டி யானை வண்டி அவருடையது. என் அப்பாவைவிட மூத்தவர். இருந்தாலும் எல்லாருக்கும் அண்ணன், எனக்கும்.

நான் லேப் டெக்னீஷியன். படித்து முடித்தவுடன் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் வேலை பார்த்தேன். அங்கேதான் அவரை முதலில் பார்த்தது. ஓ நெகட்டிவ் அரிதான வகை. அவசரம் என்றால் எந்த வகைக்காரருக்கும் அதை ஏற்றலாம். அதனால் அவருக்கு போன் வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை கொடுத்தால் அடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம் என்பது விதி. அந்த மூன்று மாதமும் அண்ணனுக்கு விரதம். முருங்கைக்கீரை உண்டு, பீட்ரூட் உண்டு, பீடி கிடையாது. இதெல்லாம் மற்றவர்களும் செய்வதுதான். அவருக்கே உரியது ஒன்று இருந்தது. கோபப்பட மாட்டார்.

சிம்மக்கல் நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டு கோபப்படாமல் இருப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ஷேர் ஆட்டோக்காரர் குறுக்கே வந்து, இவர் வண்டியை இடித்துவிட்டு, இவரையே திட்டுவார். அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கும்பிடுவார்.

"ஏண்ணே, நாலு வார்த்தை திருப்பிக் கேக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேக்கலாம் தாயி. நாளைக்கே போன் வந்துருச்சுன்னா? இம்புட்டு ஆத்திரத்தோட இருக்க ரத்தத்த ஏத்துனா, அந்தப் புள்ள எந்திரிச்சு டாக்டர அடிச்சுப்புடும்ல."

ரத்தத்தோடு கோபம் போகாது என்று எனக்குத் தெரிந்த அறிவியலை எல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் எதுக்கு வம்பு?" என்றார்.

ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது இது. பேரனுக்கு ஆபரேஷன் என்று கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ரத்தம் கொடுக்க வந்து நிற்கும் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க எந்த ஆளுக?" என்றார். கேள்வி எதைப் பற்றியது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் ஊசி உறையைப் பிரித்தபடி அப்படியே நின்றேன்.

"நாங்க ஓ நெகட்டிவ் ஆளுகய்யா" என்றார் அண்ணன். "ரொம்பக் கொஞ்சப் பேருதான் இருக்கோம். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கக்கூட ஆளு பத்தல."

பெரியவரின் மகன்தான் முதலில் சிரித்தது. அந்தப் பேரனின் காதுகுத்துக்கு அண்ணனுக்குப் பத்திரிகை வந்தது.

பத்திரிகை வராவிட்டாலும் போய்விடுவார் என்பது வேறு விஷயம். திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை முன்பு பைக்கில் விழுந்தபோது அண்ணன் ரத்தம் கொடுத்திருக்கிறார். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். போட்டோகிராபர் குழம்பிப்போய், "ஐயா, நீங்க மாப்ளைக்கு என்ன முறை?" என்றார்.

"ஒரு பாட்டில் முறை" என்றார் அண்ணன். "நீ படத்தை எடப்பா."

அதோடு விடவில்லை. மாப்பிள்ளை வாயில் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, பெண் வீட்டார் முன்னாலேயே அதட்டினார். "துப்புரா மாப்ள. அது ஒன் ஒடம்பு மட்டும் இல்ல." மாப்பிள்ளை துப்பினான்.

ஓர் உண்மையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் கொடுக்கும் பை பரிசோதனைக்குப் போகும். வங்கியில் ஏற்கெனவே தயாராக இருக்கும் பை நோயாளிக்குப் போகும். பல நேரங்களில் அப்படித்தான். எனவே அந்த மாப்பிள்ளை உடம்பில் ஓடியது யார் ரத்தமோ. இதைச் சொன்னால் எத்தனை குடும்பங்கள் பிரியும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் நான் விளாங்குடியில் ஓர் எலும்பு மூட்டு கிளினிக்குக்கு மாறினேன். ஒரு நாள் காலை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஒருவர் ஏறி வந்தார். அண்ணன்.

"ஆத்தா, நீ இங்கனயா இருக்க? கால் ஒடிஞ்சவன் வர்ற எடத்த மாடியில வச்ச புண்ணியவான் யாரு?"

இடது முழங்கால். கிளட்ச் மிதிக்கும் கால். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, மூட்டுக்குள் தேய்மானம் தொடங்கியிருக்கிறது, ஆபரேஷன் அளவுக்கு இல்லை என்றார். இப்படியே விட்டால் வண்டி ஓட்ட முடியாமல் போகும் என்பதையும் சொன்னார். வலிக்கு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அண்ணன் ஏதோ குற்றச்சாட்டைக் கேட்டவர் போல நிமிர்ந்தார்.

"மாத்திரையா? ஒண்ணு கூடத் தொட்டதில்லம்மா. இது அடுத்தவனுக்குப் போற சாமான். மருந்து வாடை அடிக்கலாமா?"

அதாவது, ஒரு வருடமாக அந்த வலியை அப்படியே மிதித்துக்கொண்டு திருமங்கலம் போய் வந்திருக்கிறார்.

டாக்டரம்மா பி.ஆர்.பி. ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குச் சுமாராக, சிலருக்குக் கேட்காது என்று மூன்றையும் சொல்லிவிட்டு, விளக்கும் வேலையை வழக்கம்போல என்னிடம் விட்டார். நான் வரிசையாகச் சொல்வேன். ஒன்று, உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுப்போம். இரண்டு, அதை இந்த எந்திரத்தில் வைத்துச் சுற்றுவோம். மூன்று, கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மஞ்சளாக ஒரு நீர் மேலே தெளியும். நான்கு, காயத்தை அடைக்கும் தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து, உங்கள் மூட்டுக்குள்ளேயே செலுத்துவோம். உடம்பு பழுது பார்க்கும் வேலையை அது தூண்டும் என்பது எதிர்பார்ப்பு.

அண்ணன் எந்திரத்தின் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். குழாய் வைக்கும் குழிகளை விரலால் சுற்றிவிட்டார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"ராட்டினம்! என் ரத்தத்த ராட்டினத்துல ஏத்தப் போறீங்க. சரி, அந்த மஞ்சத் தண்ணிக்குள்ள இருக்கவன் யாரு? கொத்தனாரா?"

"அப்படியே வச்சுக்கங்கண்ணே. கொத்தனாரும் மேஸ்திரியும்."

"என் ஒடம்புக்குள்ளயே இருக்கான். ஆனா முட்டிக்கு ஏன் வர மாட்டேங்குறான்?"

"மூட்டுக்குள்ள இருக்க குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே கிடையாதுண்ணே. அவங்களுக்குப் பாதை இல்ல. நாம கொண்டுபோய் இறக்கி விடுறோம்."

"லோடு அடிக்கிறீங்க." மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார். கையைக்கூட நீட்டிவிட்டார். அப்போதுதான் கேட்டார். "அடியில நிக்கிற செவப்ப என்ன பண்ணுவீங்க?"

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அது நமக்குத் தேவையில்லண்ணே. கழிவுல போட்டுருவோம்."

நீட்டிய கை உள்ளே போனது.

"எதை? ஓ நெகட்டிவையா?"

"அண்ணே, கொஞ்சூண்டுதான். டீ கிளாஸ்ல பாதிகூட வராது..."

"கொட்டுவீங்களா? அம்புட்டுப் பேரு ராத்திரி பகலா போன் போட்டு அழுகுறாங்க. நீ செவப்பக் கொட்டிப்புட்டு மஞ்சத் தண்ணிய எடுத்து என் முட்டிக்கு ஊத்துவியா? வெங்காயத்த எறிஞ்சுட்டுச் சாக்க விக்கிற கதையால்ல இருக்கு!"

வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிவப்பை வேறு யாருக்காவது ஏற்ற முடியாதா என்றார். திறந்த குழாய், கிருமி சேரும், அளவும் போதாது, முடியாது என்றேன். திரும்ப அவருக்கே ஏற்றலாமே என்றார். அதற்கும் முடியாது என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணன் கோபப்பட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். படியில் இறங்கும்போது அவருக்கு வலித்ததாகவே தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். உட்கார்ந்தார். உண்மையான காரணம் அப்போதுதான் வந்தது.

"தாயி, மாசி வந்தா எனக்கு அறுபத்தஞ்சு முடியுது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வயதோடு ரத்தம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அவருக்கு இன்னும் ஒரு தடவைதான் மிச்சம். அந்தக் கடைசிப் பை யாருக்காவது போன பிறகுதான், மிஞ்சிய ரத்தத்தைத் தன் காலுக்குத் தருவாராம். ஊசிக்கு எடுக்கும் அளவால் அந்தப் பைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாவே சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. மொதல்ல அவுக, அப்புறம் நானு. அதுதான் வரிசை.

ஆகவே அண்ணன் போனுக்காகக் காத்திருந்தார். இத்தனை வருடம் ஓயாமல் அடித்த போன், அந்தத் தை மாதம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. காலோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. வண்டிக்கு வாடகை டிரைவர் போட்டிருந்தார். பிசியோதெரபிக்கு வரும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார்.

ஒரு நாள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "கோயிலுக்குப் போனேன் தாயி. கையக் கூப்புனேன். என்ன வேண்டுறதுன்னு தெரியல. போன் வரணும்னு கும்பிட்டா, எவனோ ஒருத்தன் லாரிக்கு அடியில போகணும். வரக்கூடாதுன்னு கும்பிட்டா என் காலு போயிரும். பேசாம விபூதிய மட்டும் பூசிட்டு வந்துட்டேன்."

"நேரா ரத்த வங்கிக்குப் போயிக் குடுத்துரலாம்லண்ணே? யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்குவாங்க."

"யாருக்குன்னே தெரியாமயா?" அண்ணன் என்னைப் பார்த்த பார்வை, பெற்ற பெண்ணை முகவரி இல்லாத வீட்டில் கட்டிக்கொடுக்கச் சொன்னது போல இருந்தது.

பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மதியம் வரை பார்த்தார். பிறகு கிளினிக்குக்கு வந்து, என் மேசைக்கு எதிரே தொப்பென்று உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் மதுரையில ஒருத்தனுக்கும் அடிபடல தாயி" என்றார், தோற்றுப்போன குரலில். சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னா மனுசன்டா நானு! கெளம்பு, போவோம்."

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு என் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். நான் முன்பு வேலை பார்த்த அதே ரத்த வங்கி. கட்டிலில் படுத்து, பந்தை அமுக்கி அமுக்கி, நிரம்பும் பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டார்.

"யாருக்கு ஆத்தா போகும்?"

"தெரியாதே. யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் போகும்."

"எந்த ஊருன்னாவது?"

"அதுவும் தெரியாதுண்ணே."

ஜூஸைக் குடித்தார். திரும்பும் வழி முழுவதும் பின்னால் உட்கார்ந்து, தெருவில் போகும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார் என்பது கண்ணாடியில் தெரிந்தது.

சில வாரம் கழித்து ஊசி போட்டோம். தன் ரத்தம் சுற்றுவதை எந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பார்த்தார். நான் சிவப்பைக் கழிவில் சேர்த்த நேரத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது கால் பரவாயில்லை. அது ஊசியாலா, பயிற்சியாலா, வாடகை டிரைவர் இருந்த காலத்து ஓய்வாலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை. அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை: கொத்தனார் ஓ நெகட்டிவ்காரர்.

மறுபடி வண்டி ஓட்டுகிறார். இப்போது கோபம் நன்றாக வருகிறது. ஆனால் திட்டுவது வேறு மாதிரி. கடைசிப் பை எவருக்குப் போனது என்று தெரியாததால், எதிரே வரும் யாராகவும் இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார். மூன்று பேராகப் பைக்கில் பறக்கும் பையன்களைப் பார்த்தால் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறார்: "பைய போங்கடா! ஒங்கள்ல எவன்கிட்ட இருக்கோ!" சாலையோரம் புகைவிடும் ஆளிடம், வெயிலில் நிற்கும் கர்ப்பிணியிடம், இடித்த ஷேர் ஆட்டோக்காரரிடம்கூட, எல்லாரிடமும் ஏதோ ஓர் உரிமையோடு இரைந்துவிட்டுப் போகிறார்.

போன வாரம் சிக்னலில் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "ஹெல்மெட்டு வார மாட்டுத்தா!" என்றார். எனக்கு இதுவரை யாரும் ரத்தம் ஏற்றியதில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் மாட்டிக்கொண்டேன். விளாங்குடி வந்து சேரும்வரை மெதுவாகத்தான் ஓட்டினேன்.