ஊதித் தள்ளிய குழாய்

எங்கள் வீட்டில் துணி காயவைக்கிற டிரையரின் காற்றுக்குழாயை வெளியாள் ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நான் சபதம் எடுத்தது ஜனவரி மாதத்தில். மினசோட்டாவில் ஜனவரியில் எடுக்கிற சபதமெல்லாம் உறைந்து கெட்டியாக இருக்கும். என்னுடையதும் இருந்தது, சனிக்கிழமை வரை.

என் பெயர் வெர்லின் டோலஃப்சன். ஊர்த் தானியக் கூட்டுறவுச் சங்கத்தில் லாரிகளை எடை போடுகிறேன். பகலெல்லாம் அடுத்தவர்களின் கோதுமைக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கென்று இருப்பது பேஸ்மென்ட்டில் ஒரே ஒரு மூலை. வெளிச்சுவரை ஒட்டி, சின்ன ஜன்னலுக்குக் கீழே. அங்கே என் சாய்வு நாற்காலி, ஒரு டி.வி., தூண்டில் முள் கட்டுகிற மேஜை, நானே பிடித்துப் பாடம் செய்து சுவரில் மாட்டிய மீன். வீட்டில் மற்ற இடமெல்லாம் ஆர்டிஸுடையது. ஆர்டிஸ் என் மனைவி. நானும் அவளுடையவன்தான், மூலை மட்டும் என்னுடையது.

டிரையர் அந்த மூலையில் இல்லை. மாடிப்படிக்கு அடியில், வீட்டின் நட்டநடுவில் இருக்கிறது. வீட்டைக் கட்டியவர் அப்படி வைத்துவிட்டுச் செத்தும் போய்விட்டார், கேட்க முடியாது. டிரையர் கக்குகிற சூட்டுக் காற்று வெளியே போக வேண்டுமே? அதற்கான தகரக் குழாய் மேலே ஏறி, வளைந்து, வீட்டைச் சூடாக்குகிற கொதிகலனைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வளைந்து, பேஸ்மென்ட் முழுக்க ஊர்வலம் வந்து, கடைசியில் என் நாற்காலிக்கு நேர் மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. விவரம் தெரிந்த யார் வந்து பார்த்தாலும், டிரையரையே இந்தச் சுவரோரம் வைத்தால் என்ன என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஆர்டிஸின் காதில் விழுந்தால் என் மூலை போச்சு. சபதத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

ஆனால் டவல் காயவில்லை.

எங்கள் பக்கத்தில் எதையும் நன்றாக இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்போம். கல்யாணப் பெண்ணின் உடுப்பு சகிக்கவில்லை என்றால் அது வித்தியாசமாக இருக்கிறது. புதுப் பாதிரியார் ஆராதனை நடுவில் கிடார் வாசித்தால் அதுவும் வித்தியாசமாக இருக்கிறது. இதைவிடக் கடுமையான சொல் எங்களிடம் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை.

ஆர்டிஸ் ஒரு டவலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"டவல் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றாள்.

"என்ன வித்தியாசம்?" என்றேன்.

"ரெண்டு தடவ ஓட்டியாச்சு, இன்னும் ஈரம். மெஷின் மேல கைய வச்சா சுடுது. கருகல் வாசனை வேற வருது. துணியிலருந்து உதிர்ற பஞ்சு குழாய்ல அடைச்சிருக்கும்ங்க. பெவ்வைக் கூப்பிடலாம்னு பாக்கறேன்."

பெவ் லிண்ட்குவிஸ்ட் இந்த வட்டாரம் முழுக்க டிரையர் குழாய் சுத்தம் செய்வதையே தொழிலாக வைத்திருக்கிற பெண்மணி. எங்கள் லூத்தரன் சர்ச்சில் பாடகர் வரிசையிலும் நிற்பார். ஒரு வீட்டுக் குழாயில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"இதுக்குப் போய் பெவ் எதுக்கு? நான் ஊதித் தள்ளிடுவேன்," என்றேன்.

"நீங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் இருந்தது.

அந்த வாரம் துணி காயவில்லை, ஆர்டிஸ்தான் என்மேல் காய்ந்தாள். தாங்க முடியாமல் பக்கத்து வீட்டு ஓர்விலிடம் போய்ப் புலம்பினேன். ஊதித் தள்ளிவிடுவேன் என்று நான் வீட்டில் அளந்ததையும் சொன்னேன். அது வாய்ப்பேச்சு என்பது ஓர்விலுக்கு உறைக்கவில்லை. ஷெட்டுக்குள் போய், இலையுதிர் காலத்தில் தோட்டத்துச் சருகுகளை ஊதித் தள்ளுகிற பேட்டரி மெஷினை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டார். டிரையரைக் கழற்றிவிட்டுக் குழாயின் இந்த முனையில் இதை வைத்து முழு வேகத்தில் விட்டால், பஞ்செல்லாம் அந்த முனை வழியாகத் தெருவுக்குப் போய்விடும் என்றார். சொன்ன விதத்தில் அனுபவம் தெரிந்தது.

"நீங்க இப்படித்தான் பண்றீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல, எங்க வீட்டுக்கு பெவ்தான் வருவாங்க," என்றார் ஓர்வில்.

சனிக்கிழமை ஆர்டிஸ் சர்ச் சமையலறைக்குப் போயிருந்தாள். ஊரில் யாரோ இறந்துபோய், அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு தயாராக வேண்டியிருந்தது. இறந்தவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இங்கே ஒரு விஷயம். சுவருக்கு வெளியே குழாயின் வாயில் ஒரு சின்ன மூடி உண்டு. உள்ளிருந்து காற்று வந்தால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். இந்தக் குளிரில் ஈரக் காற்று பட்டுப் பட்டு அது பனிக்கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

மெஷினை முழு வேகத்தில் விட்டேன். குழாய் உறுமியது. உள்ளே பஞ்சு கிளம்புகிற சத்தம் எனக்கே கேட்டது. ஏறியது, வளைந்தது, கொதிகலனைச் சுற்றியது, வாசல்வரை போனது. வாசல் சாத்தியிருந்தது. வந்த வேகத்துக்குப் போக வழியில்லாமல், என் நாற்காலிக்கு மேலே இருந்த இணைப்பைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது.

பல வருடத்துப் பஞ்சு. எங்கள் டவல்கள், போர்வைகள், என் உள்ளாடைகள், ஆர்டிஸின் அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்கள், எல்லாவற்றின் சாரமும் சாம்பல் நிறத்தில் அவசரமே இல்லாமல் விழுந்தது. நாற்காலி மறைந்தது. டி.வி. மறைந்தது. சுவர் மீனுக்குத் தாடி முளைத்தது. என் சபதம் பஞ்சாய்ப் பறந்தது என்று நான் சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை, நீங்கள் கையில் பிடித்தே பார்த்திருக்கலாம்.

அன்றைக்குப் பார்த்து ஆர்டிஸ் சீக்கிரம் வந்துவிட்டாள். அடக்கச் சாப்பாட்டில் மிச்சமான ஹாட்டிஷ் கறிப் பாத்திரத்தோடு பாதிப் படியில் நின்று பார்த்தாள். நல்ல வேளை, கத்தவில்லை. எங்கள் பக்கத்தில் கத்துவதில்லை, அதுதான் கஷ்டம்.

"உள்ளயும் பனி பெய்யுதா?" என்று கேட்டாள்.

"குழாய் சுத்தமாயிடுச்சு, ஆர்டிஸ்."

"குழாய் ஆயிருக்கும். நீங்க ஆகலையே. மூக்கத் தொடைங்க மொதல்ல," என்று சொல்லிவிட்டு மேலே போய் பெவ்வுக்கு போன் போட்டாள்.

பெவ் திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். பனி வாருகிற சாக்கில் நான் வாசலிலேயே காத்திருந்து மடக்கினேன். குழாயைச் சுத்தம் செய்து, பிய்ந்ததைப் பூட்டிவிட்டால் போதும், டிரையர் எங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்செல்லாம் வேண்டாம், ஆர்டிஸுக்கு வீண் கவலை என்று நயமாக எடுத்துச் சொன்னேன். பெவ் கேட்டுக்கொண்டே வேனிலிருந்து சாமான்களை இறக்கினார்.

"அப்படியா," என்றார்.

எங்கள் ஊர் அப்படியாவுக்கு அர்த்தமே கிடையாது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் வெளி மூடியின் பனிக்கட்டியைத் தட்டி உடைத்தார். அப்புறம் ஒன்றோடொன்று மாட்டுகிற நீளக் கம்பிகளின் நுனியில் உருண்டைப் பிரஷ்ஷைச் சொருகி, டிரில்லால் சுழலவிட்டுக் குழாய்க்குள் செலுத்தினார். நான் சுத்தமாக்கியதாகச் சொன்ன குழாயிலிருந்து ஒரு மூட்டைப் பஞ்சும், ஒரு காலுறையும், ஏதோ ஒரு குருவியின் பழைய கூடும் வந்தன. ஆர்டிஸ் ஒவ்வொன்றையும் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். இணைப்பைப் பூட்டி முடித்ததும் பெவ் டிரையரில் ஆரம்பித்துக் குழாயை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். ஏற்றத்தில் நின்றார், வளைவுகளில் நின்றார், என் மூலைக்கு வந்து நாற்காலியின் முன்னால் நின்றேவிட்டார்.

"இது வித்தியாசமா இருக்கு," என்றார்.

ஆர்டிஸின் தலை மெதுவாக நாற்காலிப் பக்கம் திரும்பியது.

சமையலறை மேஜையில் காபியும் ருபார்ப் பார் என்கிற புளிப்பு கேக் துண்டுகளும் வந்தன. பெவ் முதல் கோப்பை முடிகிறவரை வானிலையைப் பற்றித்தான் பேசினார். இரண்டாவது கோப்பையில் விஷயத்துக்கு வந்தார்.

"நான் சொல்லக் கூடாதுதான்," என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னிக்கு சுத்தம். ஆனா இவ்ளோ தூரம், இவ்ளோ வளைவு இருந்தா மறுபடி அடைச்சுக்கும். அடைச்ச பஞ்சு சூடேறினா ஒரு நாள் பத்திக்கும். டிரையர அந்தச் சுவத்தோரம் வச்சிட்டீங்கன்னா குழாய் ஒரு முழம் போதும்."

மூலை கைவிட்டுப் போகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையிலேயே துக்கமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை ஒருவர் கொடுத்தால், உடனே வாங்கிக்கொள்வது மகா கேவலம். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கொடுப்பார்கள், மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கொடுக்கும்போதுதான், இவ்வளவு சொல்றீங்களே என்று இழுத்துக்கொண்டு வாங்கலாம். காபியில் தொடங்கிக் கல்லறை நிலம்வரை எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. அப்படியென்றால், இரண்டு தடவை கொடுத்துவிட்டு மூன்றாவது தடவை வாயைத் திறக்காமல் இருந்தால்? கொடுத்த புண்ணியமும் உண்டு, பொருளும் கையில் உண்டு. சாட்சிக்கு பெவ் வேறு இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் தாராள மனசைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஆர்டிஸ், உன்னைவிட எனக்கு அந்த மூலை பெருசா? எடுத்துக்கோ. டிரையர அங்கயே வச்சிடலாம்."

"அய்யய்யோ, வேண்டாங்க. அது உங்க இடம்," என்றாள் ஆர்டிஸ்.

"பரவால்ல, எடுத்துக்கோன்னு சொல்றேன்ல."

"வேண்டவே வேண்டாங்க. மனசு கேக்காது."

நான் கோப்பையை எடுத்துக் காபியைக் குடிக்க ஆரம்பித்தேன். பெவ்வின் கை பாருக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. ஆர்டிஸ் காத்திருந்தாள். நான் அடிவரை குடித்தேன், காலிக் கோப்பையிலும் கொஞ்சம் குடித்தேன். மூன்றாவது தடவை வராது என்று மூவருக்கும் புரிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவளை நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

ஆர்டிஸ் மேஜைமேல் சிந்தியிருந்த பொடியை உள்ளங்கையில் கூட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரிங்க, அப்ப டிரையர் இருக்கற எடத்துலயே இருக்கட்டும். அந்த மூலைய நீங்களே வச்சுக்கங்க," என்றாள்.

எடுத்த எடுப்பில் சரி என்று சொல்ல என்னால் எப்படி முடியும்? பெவ் உட்கார்ந்திருக்கிறார். பெண்டாட்டி நீட்டியதை முதல் தடவையிலேயே பிடுங்கிக்கொண்டவன் என்று பேர் வாங்கிவிட்டு நான் இந்த ஊரில் எங்கே போய் லாரி எடை போடுவது? அதோடு, என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை. பிறந்தது முதல் பழகிய வாய்.

"சேச்சே, எனக்கு எதுக்கு ஆர்டிஸ் அவ்ளோ பெரிய எடம்?" என்றது.

"இல்லீங்க. வேலை முடிஞ்சு களைச்சு வந்து உக்கார்ற எடம். நீங்களே வச்சுக்கங்க."

"வேண்டாம்மா. எனக்கு வேண்டவே வேண்டாம்," என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்தது மூன்றாவது. இவ்வளவு சொல்றியே என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

ஆர்டிஸ் தட்டை எடுத்து பெவ்விடம் நீட்டினாள். "இன்னொரு பார் எடுத்துக்கங்க பெவ். அவருக்கு அந்த மூலை வேண்டாமாம்."

"ஆமா, ரெண்டு தடவ வேண்டான்னுட்டாரே. நானே கேட்டேன்," என்றார் பெவ். பாரை அவர் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனித்தேன்.

டிரையர் இப்போது என் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. ஓர்விலும் நானும்தான் தூக்கி வைத்தோம். குழாய் பெவ் சொன்ன மாதிரி ஒரு முழம், காற்று நேராக வெளியே போகிறது. என் நாற்காலி மாடிப்படிக்கு அடியில் கொதிகலனைப் பார்த்தபடி கிடக்கிறது. சாய்த்தால் படியில் இடிக்கிறது. ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து கொதிகலனைப் பார்த்துவிட்டு, மானத்தைவிட்டு ஆர்டிஸிடமே போய் நின்றேன். பழைய மூலையில் கொஞ்ச நேரமாவது உட்காரலாமா என்று கேட்டேன். அவளுக்கும் மனசு இளகியிருக்க வேண்டும்.

"டிரையர் ஓடும்போது பக்கத்துல ஆள் இருக்கறது நல்லதுன்னு பெவ் சொன்னாங்க. துணி காயற வரைக்கும் நீங்க தாராளமா அங்க உக்காந்துக்கங்க," என்றாள்.

முதல் தடவையிலேயே சரி என்று சொன்னேன். ஆனால் இப்போதெல்லாம் நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் துணி காய்ந்துவிடுகிறது.