இடப் பின்சக்கரத்து ஐந்தாம் நட்டுப் படலம்

வாழ்க, பிஸ்கட் கம்பெனித் தர ஆய்வாளர்! அரை மில்லிமீட்டர் தடித்த பிஸ்கட்டை அரைக்கண் பார்வையில் பிடித்து அகற்றும் கூர்விழியர், ஒப்பிட்டுப் பாராமல் ஒரு சீப்புகூட வாங்காத உறுதியர், "என் காரை இனி ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தேன்" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவிலும் சூளுரைத்த செம்மல், அன்னாரின் புகழ் பாடப் புகுந்த என் நாவே, குழறாதே! கிரீஸ் பிசுக்கே, என் எழுத்தில் வந்து ஒட்டிக்கொள்! காலை எட்டேகால் மணிக்கு அவர் வீட்டு வாசலில் கார் பஞ்சராகி நின்றது.

காற்றிழந்து களைத்து மண்ணோடு மண்ணாய்ப் படுத்துவிட்ட அந்த இடப் பின்சக்கரத்தின் அருகே, இஸ்திரி மடிப்புக் கலையாத உடையும் மார்போடு அணைத்த ஃபைலுமாக நின்றாள் அவருடைய இல்லாள். பிள்ளை வளர்ப்பில் ஒன்பது ஆண்டுகள் உருண்டோடிய பின், மருத்துவமனை ஆய்வுக்கூட வேலைக்கு அவளுக்கு அன்று பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. "நான் இருக்கறப்ப நீ ஏம்மா கவலைப்படற? பத்தே நிமிஷம். நானே கொண்டுபோய் விடறேன்!" என்று முழங்கினார் செம்மல். முழங்கிவிட்டாரே தவிர, இந்த வாக்கு மட்டும் பொய்த்தால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலை அவருக்கு இல்லாமலில்லை.

ஆயினும் அஞ்சுவானேன்? ஆயுதம் இருக்கிறதே! நான்கு திங்கள் ஊணுறக்கம் மறந்து, நட்டு கழற்றும் பேட்டரி மெஷின்களாம் இம்பாக்ட் ரெஞ்சுகளை, பதினேழு கம்பெனிகளுடையவற்றை, முறுக்குவிசையில் நிறுத்தும், எடையில் தூக்கியும், சார்ஜ் ஏறும் நேரத்தில் சலித்தும், உத்தரவாத ஆண்டில் உரசியும், ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க அட்டவணை ஒட்டியும், இவர் தலையைக் கண்டாலே கடைக்காரர் சாப்பிடப் போய்விடும் நிலை வந்த பின்னரே தேர்ந்தெடுத்த நீலநிற வேங்கையன்றோ அது! பேட்டரியைச் செருகினார். விசையை அழுத்தினார். டடடடவென்று எழுந்த அப்பேரொலியில் பக்கத்து வீட்டு நாய் சோபாவுக்கு அடியில் புக, மாடி ஜன்னல்கள் படபடக்க, ஐந்து நட்டுகளும் ஐயோ என்று இளகிக் கொடுத்தன. ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

மாட்டியும் இருப்பார், சகலை வந்து சேராமல் இருந்தால்.

அடுத்த தெருவிலிருந்து அவ்வொலி கேட்டு ஓடோடி வந்தார், இல்லாளின் தங்கையை மணந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அவர் அக்குளில் இருந்தது மஞ்சள்நிற ரெஞ்ச். 'ஒரு பேட்டரிக்கு ஒரு பேட்டரி இலவசம்' என்ற போர்டைக் கண்ட மாத்திரத்தில், ஒப்பிடாமல், அட்டவணை போடாமல், வண்டியை ஆஃப் செய்யாமலே வாங்கிக்கொண்டு வந்த பாவி! அவர் குனிந்து நட்டுகளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இது ஏற்கெனவே லூசாத்தான் இருந்திருக்கும் சகலை."

அடடா, அடடா! நான்கு மாதத் தவத்தை நாலு வார்த்தையில் ஊதித் தள்ளிய அந்தச் சொல் செம்மலின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"என்னங்க, அதான் கழண்டுருச்சுல்ல? ஸ்டெப்னிய மாட்டுங்க," என்றாள் இல்லாள்.

"ரெண்டே நிமிஷம்மா. ஒரே நட்டு, ரெண்டு மெஷின். உண்மை தெரிஞ்சுடும்!"

ஆதலின், கழன்ற ஐந்தாம் நட்டு மீண்டும் இறுகிற்று. நீலம் இறுக்கியதை மஞ்சள் இளக்கிற்று. "இப்ப நான் டைட் வெக்கறேன், நீங்க கழட்டுங்க. அதான் நியாயம்," என்றார் சகலை. மஞ்சள் இறுக்கியதை நீலம் இளக்கிற்று. மூன்று நொடி இறுக்கியதை இளக்குவதும் ஒரு வீரமோ என்று எட்டு நொடி இறுக்கினர். எட்டென்ன பெரிய எட்டு என்று பதினைந்து நொடி இறுக்கினர். களைத்த பேட்டரியோடு மோதுதல் அறமன்று என்று சகலையின் இலவச பேட்டரிக்காக ஆளனுப்பிக் காத்திருந்தனர். "மணி எட்டரை தாண்டியாச்சுங்க," என்று எங்கோ ஒரு குரல் கேட்டது. "இதோ ஆச்சு, ஆச்சு," என்றார் செம்மல், திரும்பாமலே.

அரை மில்லி பிசகையும் விடாத அந்தக் கூர்விழிகள் அன்று ஒன்றைக் கோட்டைவிட்டன. சகலையின் ரெஞ்ச் முனையில் நட்டைக் கவ்வும் சாக்கெட், அந்த நட்டைவிட ஒரு சுற்றுப் பெரிது. ஏழாம் மோதலில், மஞ்சள் தன் மூச்சையெல்லாம் திரட்டி முறுக்கி முடித்தபோது, நட்டின் ஆறு முனைகளும் மழுங்கிக் கோலிக்குண்டாய் உருண்டிருந்தன. நீலம் உறுமிப் பாய்ந்தது, வழுக்கியது. மஞ்சள் பாய்ந்தது, அதுவும் வழுக்கியது. இடுக்கியும் சுத்தியலும் துணைப்படையாய் வந்து தோற்றுத் திரும்பின. நட்டு அசைவேனா என்றது.

"பாத்தீங்களா சகலை, என் மெஷின் எப்படி டைட் வெச்சிருக்குன்னு!"

"யோவ், கழட்டறதுக்குத்தான்யா மெஷினு!" என்று அலறிய செம்மலின் பார்வை அப்போதுதான் கைக்கடிகாரத்தில் விழுந்தது. ஒன்பதே முக்கால். நீல வேங்கை கைநழுவிப் பாதத்தில் விழுந்தது, அந்த வலிகூட அவருக்கு உறைக்கவில்லை. ஒன்பது ஆண்டு காத்திருந்தவளின் வாசலைத் தன் கையாலேயே முறுக்கி மூடிவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. சக்கரத்தின் முன் மண்டியிட்டபடியே கண்ணை மூடிக்கொண்டு பிரகடனம் செய்தார்: "என்னை மன்னிச்சுடும்மா! தப்பெல்லாம் என்னோடதுதான். அந்த அட்டவணைய இன்னைக்கே கிழிச்சுப் போடறேன். உன்னைத் தோள்ல தூக்கிட்டாவது கொண்டுபோய் விடறேன்!" திசையெட்டும் அதிர அச்சொல் எழுந்து அடங்க, மெல்லக் கண் திறந்து திரும்பினார் செம்மல்.

அவள் எட்டே முக்கால் பஸ்ஸிலேயே போய்விட்டாள்.