நின்ற இடத்தில் நிற்காத நடுவர்

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் ஓரிடத்தில் நிற்க வைத்துவிடலாம், எங்கள் ‘ரெண்டாள்’ அண்ணனை மட்டும் முடியாது. மார்த்தாண்டம் பக்கத்துக் கூடைப்பந்து மைதானங்களில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம்.

முன்பெல்லாம் ஒரு ஆட்டத்துக்கு இரண்டே நடுவர்கள். ஒருவர் வளையத்துக்குக் கீழே, இன்னொருவர் பின்னால். பந்து திரும்பினால் இருவரும் நாக்குத் தள்ள ஓட வேண்டும். பிறகு மூன்று பேர் முறை வந்தது. மூன்றாமவர் கோட்டோரம் நின்று, பந்து இல்லாத இடத்தில் யார் யாரை முழங்கையால் இடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வயது அறுபதை நெருங்குகிறதே, ஓட்டமாவது குறையட்டும் என்று அவருடன் நடுவர்களாக இருந்த நாங்கள் அண்ணனுக்கு அந்த இடத்தைக் கொடுத்தோம்.

“பந்து அங்கன கெடக்கு, நான் இங்கன நின்னு என்னத்தப் பாக்க? ரெண்டு பேரு பாத்த களிதானே மக்கா இது?”

அவ்வளவுதான், பந்தின் பின்னால் கிளம்பிவிடுவார். ஆட்டத்தைக் ‘களி’ என்று சொல்லும் அவருக்கு ‘ரெண்டாள்’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது. களியக்காவிளை ஆட்டத்தில் நாங்கள் மூவரும் ஒரே மூலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல நின்றோம். மறுபக்கம் ஒருவர் இன்னொருவரின் பனியனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, அந்தப் பக்கமும் ஒரு ஆள அனுப்புங்கலே” என்றது கூட்டம். எனக்கு விசிலை விழுங்கிவிடலாமா என்றிருந்தது.

நான் பி.டி. டீச்சர். எங்கள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் போட்டு, அதற்குள் அவரை நிறுத்திப் பழக்கினேன். திரும்பிப் பார்த்தால் கட்டத்துக்குள் அவருடைய தண்ணீர் பாட்டில் நின்றது. அவர் வளையத்துக்குக் கீழே இருந்தார்.

போன வருஷம், மாநில நடுவர் பட்டியலில் என்னைச் சேர்க்கலாமா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் வந்தார். எட்டு வருஷம் நான் காத்திருந்த நாள்.

“அண்ணே, ஒங்க கால்ல விழுகேன். இன்னைக்கு ஒரு நாள் எடத்த விட்டு அசையாதீங்க.”

“மண்டைக்காட்டம்மன் சத்தியமா அசைய மாட்டேன், போதுமா?”

கடைசி நிமிடம் வரை சொன்னபடி நின்றார். ஒரே புள்ளி வித்தியாசம். பந்து பறிபோய் எதிர்த்திசையில் பாய்ந்தது. பின்னால் நின்ற நான்தான் முந்தி ஓடி அந்த வளையத்துக்குக் கீழே நின்றிருக்க வேண்டும். நானோ, மேற்பார்வையாளர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், அண்ணன் தொப்பை குலுங்க ஓடுகிறார். பந்தைப் போட்டவரின் கையில் அடி விழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்து ஊதினார். சரியான விசில்.

ஆட்டம் முடிந்ததும் மேற்பார்வையாளர் எங்களைக் கூப்பிட்டு, “யார் இடம் தவறியது?” என்றார்.

“எனக்க தப்பு சார். இவ ஓடத்தான் வந்தா. நான் பழைய பழக்கத்துல குறுக்க சாடிட்டேன்” என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. என் பெயர் பட்டியலில் ஏறியது, அவருக்கு அதன்பின் எந்த ஆட்டத்துக்கும் அழைப்பில்லை. அவர் வீட்டுக்குப் போய் அழுதேன்.

“நீதான ஒரு எடத்துல நிக்கச் சொன்ன? இப்ப வீட்டுலதான் நிக்கேன். அழாத, சாயா குடி” என்றார்.

இப்போது என்னுடன் வரும் மூன்றாமவர் அச்சடித்தது போல இடத்தில் நிற்கிறார். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் பந்து திரும்பும்போதெல்லாம், சொன்ன பேச்சைக் கேட்காமல் ஓடி வரும் அந்த மனிதரைத்தான் என் கண் தேடுகிறது.